வாளியில் வந்த மேகம்

இருபத்திரண்டு புள்ளி ஆறு. அந்த மாதத்தில், அந்த இடத்தில், கடல் அவ்வளவு குளிர்ந்துவிட முடியுமா? குளிர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம், அந்தக் குளிர் எங்கிருந்து வந்திருக்கும்? அடியிலிருந்துதான் ஏறி வந்திருக்க வேண்டும். அடியில் கிடக்கும் தண்ணீரை மேலே கொண்டுவரக் காற்று வேண்டும். அன்றைக்கு அங்கே காற்று அடித்ததா?

"அம்மா, வலிக்குது" என்றாள் மகள்.

அவள் மகளின் பின்னலைக் கப்பல் கயிறு மாதிரி முறுக்கியிருந்தாள். அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். பற்களுக்கிடையே ரிப்பன் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

சமையலறையில் கணவன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. ஐந்து மாதம் கடல், நாற்பது நாள் வீடு. அந்த நாற்பதில் காலைச் சமையல் அவனுடையது. இன்னும் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது.

"அந்த மாவு டப்பாவ எறக்கிக் குடேன்" என்றான்.

டப்பா அவன் தலைக்கு மேலே இருந்த அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும். அவள் முக்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மனம் இருபத்திரண்டு புள்ளி ஆறில் இருந்தது.

மேசையில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததில் பாதி பேத்தியின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தக் காகிதத்த இன்னிக்காவது முடிச்சிடுவியா?" என்றார்.

"இன்னிக்கு முடிச்சிடுவேன் அத்தை. ஒரே ஒரு கேள்விக்குறி பாக்கி இருக்கு."

"உங்க ஆபீஸ்ல எதுக்குத்தான் கேள்விக்குறி போடல. கடலுக்கு ஜுரம் பாக்கறாளாம், அதுக்கு இத்தனை பேர், இத்தனை கம்ப்யூட்டர்."

அக்கம்பக்கத்தில் மருமகளின் வேலையை மாமியார் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். கேலியாகத் தொடங்கியது, நாளாக ஆக அதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துவிட்டது. உண்மையில் அதைவிடச் சரியாக யாராலும் சொல்லிவிட முடியாது என்று அவளுக்கே சில நேரம் தோன்றும்.

அந்தக் காகிதம் கணவனுடையது. துறைமுக வானிலை அலுவலகத்தில் ஒரு வேலை காலியாகியிருந்தது. கரைக்கு வரும் ஒவ்வொரு கப்பலிலும் ஏறி, வெப்பமானிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, கடல்நீரின் சூட்டை எப்படி அளப்பது என்று அதிகாரிகளுக்குக் கற்றுத்தரும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். மகளுக்கு ஏழு வயது; அதில் அப்பாவோடு இருந்த நாட்களை யாரும் கூட்டிப் பார்க்கத் துணியவில்லை. வேலைக்குக் கேட்டிருந்த சான்று ஒன்றே ஒன்று. விண்ணப்பிப்பவர் மூன்று வருடம் எடுத்த அளவுகள் நம்பத்தக்கவை என்று கடல் வெப்பநிலைப் பிரிவில் கையெழுத்து வேண்டும். அந்தப் பிரிவில் கப்பல் அளவுகளை ஒப்பிடுவது அவள் வேலை. என் கணவரின் கப்பல் அது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். கணக்குப் போடுவது இயந்திரம், நீ கையெழுத்து மட்டும்தானே என்று அவர் சிரித்துவிட்டார்.

பஸ்ஸில் போகும்போதும் அதையேதான் யோசித்தாள். மூன்று வருடத்து நண்பகல் அளவுகள். நண்பகலில் கப்பலின் பொறுப்பு அவனுடைய முறை, அளப்பதும் அவன்தான். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான எண்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஐந்து மாதம் முன்பு ஒரு நாள் மட்டும் இயந்திரம் கேள்விக்குறி போட்டு நிறுத்தியிருந்தது. முந்தின நாள் இருபத்தெட்டு, அடுத்த நாள் இருபத்தெட்டு, நடுவில் இருபத்திரண்டு புள்ளி ஆறு.

எழுத்துப்பிழை என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவளுக்குத் தள்ள மனம் வரவில்லை. நேற்று அந்த நாளின் செயற்கைக்கோள் படத்தைத் தேடி எடுத்தாள். சுத்தம் செய்த படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அங்கே மேகம் என்று நீக்கியிருந்தார்கள். சுத்தம் செய்யாத முதல் படத்தைத் திறந்தாள். கப்பல் இருந்த சதுரத்தில் ஒரு நீலத் திட்டு. அதன்மேல் அம்புக்குறியை வைத்தாள். இருபத்திரண்டு புள்ளி ஆறு.

நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

செயற்கைக்கோள் கடலைத் தொடுவதில்லை. கடல் விடும் வெப்பத்தை மேலிருந்து பார்க்கிறது. பார்ப்பதும் ஒரு தலைமுடி கனம்கூட இல்லாத மேல்தோலை மட்டும். இடையில் மேகம் வந்துவிட்டால் மேகத்தின் குளிரைக் கடலின் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மேகத்தை நீக்குவதற்கென்றே ஒருவர் இருந்தார். மேகக்காரர் என்பார்கள். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். தெரியாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பார், சந்தேகமுள்ள இடத்தையெல்லாம் வெறுமையாக்கிவிடுவார். இப்போது ஒரு கப்பல், அதே இடத்தில் வாளியை இறக்கி, அதே குளிரைக் கையால் எடுத்திருக்கிறது. அப்படியென்றால் அது மேகம் இல்லை. எங்கோ ஆழத்திலிருந்து ஏறிய தண்ணீர். யாரும் பார்க்காமல் ஏறி, ஒரே நாளில் மறைந்த தண்ணீர்.

நேற்று மாலையே மேகக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தாள். அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவர் அவளுக்காகவே காத்திருந்தார். மேசையில் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"ராத்திரி தூக்கம் போச்சும்மா உன்னால. நெஜக் கடலத் தூக்கிப் போட்டுட்டேனா நான்? இதே மாதிரி இன்னும் எத்தனை இடத்துல போட்டேனோ."

நீக்கும் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று ஒரு குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தார். தன் தவறு என்று முதல் வரியிலேயே இருந்தது. முகத்தில் வருத்தம் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுவிட்ட ஆளின் பரபரப்புதான் இருந்தது. அது அவளையும் தொற்றிக்கொண்டது. இருவரும் காற்றுப் பதிவைத் தேடினார்கள். அன்றைக்குக் காற்று இல்லை. அருகே கடலின் சூட்டை அளக்கும் மிதவை ஒன்று இருந்தது, அதன் அளவைக் கேட்டு எழுதியிருந்தாள். பதினொரு மணிக்கு அது வந்தது. இருபத்தெட்டு புள்ளி நான்கு.

"மிதவை நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. திட்டு அங்க வரைக்கும் போகாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"இருக்கலாம்." அவர் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, வேறு எதையோ சொல்வது போல, "ஒண்ணுதான் இடிக்குது. படம் பாக்கறது மேல்தோல். வாளி மொண்டுக்கறது ஒரு முழம் ஆழத் தண்ணி. ரெண்டுக்கும் கால் டிகிரியாவது வித்தியாசம் இருக்கணும். மொண்டு மேல இழுக்கறதுக்குள்ளயே கொஞ்சம் ஆறிப்போயிடும். இது புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போகுது பாரு. இத்தனை வருஷத்துல நான் பாத்ததில்ல" என்றார்.

அவள் கை தானாகக் கைப்பையைத் திறந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அது ஒரு வழக்கம். காலையில் முதல் படம் வந்ததும், மேகம் நீக்குவதற்கு முன்பே, கப்பல் இருக்கும் சதுரத்தைப் பார்த்து அந்த எண்ணை அவனுக்கு அனுப்புவாள். இன்னைக்கு உங்க தண்ணி 28.3, சாப்பிட்டீங்களா? அவ்வளவுதான் செய்தி. மற்றவர்களின் கணவன்மார் இருக்கும் இடத்தில் மழையா வெயிலா என்று அவரவர்க்குத் தெரிகிறது. அவளுக்கு அவன் காலடியில் இருக்கும் கடலின் சூடு தெரிந்தது. கப்பலில் அவனுக்கு வாளி மாப்பிள்ளை என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பெண்டாட்டிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறவன்.

கைபேசியில் ஐந்து மாதம் பின்னால் போனாள். அந்தத் தேதி. அவள் எழுதியிருந்தது: இன்னைக்கு உங்க தண்ணி 22.6! இவ்ளோ குளிரா? ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. அவன் பதில்: ஆமா, காலைலேர்ந்தே சில்லுன்னுதான் இருக்கு.

மேகக்காரர் ஏதோ கேட்டார். அவள் தலைவலி என்றாள்.

பிறகு மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும், எல்லோரும் எழுந்து போன அறையில், ஒரு பக்கம் கைபேசியையும் ஒரு பக்கம் கப்பலின் பட்டியலையும் வைத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். முதல் இருபத்திரண்டு மாதம் எண்கள் முன்னே பின்னே இருந்தன, ஒரு நாள் கால் டிகிரி கூட, ஒரு நாள் அரை டிகிரி குறைய. நிஜ வாளியில் நிஜத் தண்ணீர் வந்தால் அப்படித்தான் இருக்கும். அதன்பின் ஒரு தேதியிலிருந்து எல்லாம் ஒத்துப்போயின. சில நாள் ஒரு புள்ளி மாற்றியிருந்தான். பல நாள் அதுகூட இல்லை. பதினான்கு மாதம்.

அவள் அனுப்பிய எண்ணை அவன் எழுதியிருக்கிறான். அவன் எழுதியதை வைத்து அவள் செயற்கைக்கோளைச் சரிபார்த்திருக்கிறாள். கண்ணாடியின் முன் நின்று தன்னையே சாட்சிக்குக் கூப்பிட்டது போல. அந்த ஒரு நாள் மட்டும் வாளியில் மேகம் ஏறிவிட்டது.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அப்படியானால் அன்றைக்கு நிஜமாகத் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்ற கேள்விதான் வந்தது. அந்தப் பதினான்கு மாதமும் அந்தக் கடல் என்னவாக இருந்தது? அதைத் தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை. அங்கே இருந்த ஒரே மனிதன் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் மற்றொரு கேள்வி மெதுவாக வந்தது. அந்தத் தேதியில் இவனுக்கு என்ன ஆயிற்று?

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபோது அவன் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவள் கதவருகே நின்று பார்த்தாள். கொடி ஒன்றும் உயரமில்லை. நனைந்த படுக்கை விரிப்பை இடது கையால் தூக்கி மேலே எறிந்தான், பாதி விழுந்தது, குனிந்து எடுத்து மறுபடி எறிந்தான். வலது கை முழங்கைக்கு மேல் எழவில்லை.

டப்பா. மகளை எப்போதும் இடது தோளில் தூக்குவது. மூன்று விடுப்பாகத் தலை சீவும்போது கழுத்தைச் சாய்த்துச் சீவுவது. அன்றாடம் கண் முன்னால் இருந்தவை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கால் டிகிரி மாறினால் கண்டுபிடிக்கிறவள் அவள்.

விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடியில் போட்டாள்.

"சீக்கிரம் வந்துட்ட" என்றான்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலத்துல, உங்க தோளுக்கு என்னங்க ஆச்சு?"

அவன் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டான். அவள் அதை அவன் வாயிலிருந்து எடுத்து விரிப்பில் மாட்டினாள். பட்டியலைப் பார்த்ததைச் சொன்னாள். தேதியைச் சொன்னாள். மேகத்தைச் சொன்னாள். மேகத்துக்கு அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"கப்பல் ஓடிக்கிட்டு இருக்கறப்ப வாளி தண்ணியத் தொட்டதும் வெடுக்குன்னு ஒரு இழு இழுக்கும்" என்றான். "கயித்த மணிக்கட்டுல சுத்தாதீங்கடான்னு பசங்களுக்கு நாந்தான் சொல்லுவேன். அன்னிக்கு மழை. கயிறு வழுக்குது. ஒரே ஒரு சுத்து சுத்திட்டேன்."

பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னான். கப்பல் ஓரத்துக் கம்பி நெஞ்சில் இடித்தது, கால் தரையில் இல்லை. தோளுக்குள் ஏதோ கிழிகிற சத்தம் காதில் கேட்டது. கயிறு அறுந்ததால் பிழைத்தான். பின்னால் யாரும் இல்லை, யாரும் பார்க்கவில்லை. மறுநாள் புது வாளியோடு அதே கம்பிக்குப் போனான். கை கயிற்றைக் கடலில் இறக்கவேயில்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு வாளியை நனையாமலே திரும்பக் கொண்டுபோய், குழாயில் நனைத்து மாட்டினான், யாராவது பார்த்தால் நம்பட்டும் என்று.

"அறைக்குப் போனேன். உன் செய்தி வந்திருந்துச்சு. இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு. எழுதிட்டேன். ஒரு நாளைக்குத்தானேன்னு நெனச்சேன்."

"டாக்டர்கிட்ட காட்டலயா?"

"காட்டினா தகுதியில்லைன்னு எறக்கிடுவான்."

"என்கிட்ட?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "நீ தெனமும் அனுப்பற. நா தண்ணி மொள்ளலன்னு எப்படிச் சொல்றது."

அவள் தன் சின்னச் சின்ன எண்களை அவன் ஆசையோடு படிப்பான் என்று நினைத்திருந்தாள். படித்துத்தான் இருக்கிறான். ஆனால் ஒவ்வொன்றும் அவனை அந்தக் கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அவன் அங்கிருந்து தப்பியதும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான்.

மறுநாள் அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். பழைய கிழிசல், பயிற்சி செய்தால் முக்கால்வாசி சரியாகும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"அந்த ஒரு எண்ண மட்டும் எடுத்துட முடியாதா? மீதியெல்லாம் உங்க படத்தோட பொருந்துதே."

"பொருந்துறதுதாங்க தப்பு."

அவனுக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது. மெதுவாகச் சொன்னாள். செயற்கைக்கோளின் கண்ணும் நாளாக ஆக மங்கும். மங்குகிறதா என்று கடலில் இறங்கிய வாளியைத்தான் கேட்க வேண்டும், வேறு ஆள் கிடையாது. போன வருடம் ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தப் பாதையில் எல்லாம் சரியாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது அவள்தான். அவனுடைய அளவுகளை நம்பி. இப்போது மேகக்காரர் தன்மேல் தவறு என்று விதியைத் தளர்த்தப் போகிறார். தளர்த்தினால் இனி மேகமெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஆகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் மீன் கூடும் என்று அந்தப் படத்தைப் பார்த்துப் படகுகள் போகும்.

அவன் ஜன்னலை விட்டுத் திரும்பி, "கரை வேலை கெடைச்சா வாளியே வேண்டாம். தோளும் பொழைக்கும். பாப்பாவும் கேக்குது" என்றான். கெஞ்சலாக இல்லை. உண்மையைத்தான் சொன்னான். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவளும் அந்த மாலைகளை மனதுக்குள் ஏற்கெனவே வாழத் தொடங்கியிருந்தாள். அவன் செருப்புக்கு வாசலில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

வீட்டில் மாமியாருக்கு விஷயம் தெரிந்தது. தோளைப் பற்றிக் கேட்டுச் சிறிது நேரம் அழுதார். கண்ணைத் துடைத்ததும் நேராக மருமகளிடம் வந்தார்.

"ஒரு கையெழுத்தும்மா. கடல் வந்து உன்கிட்ட சாட்சி கேக்கப் போகுதா?"

"கேக்காது அத்தை."

"அப்புறம்?"

"இருபத்திரண்டு மாசத்துக்குப் போடறேன். அது அவர் நெஜமா அளந்தது. ரொம்ப நல்லா அளந்திருக்கார்."

"துறைமுகத்துல கேக்கறது மூணு வருஷம்."

"தெரியும்."

அன்றிலிருந்து மாமியார் அவளிடம் பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் எப்போதும் போல நிறைய விழுந்தது. பேத்தி வழியாகச் செய்திகள் போய் வந்தன. "உங்கம்மாவ உப்பு வேணுமான்னு கேளு." "வேணும்னு சொல்லு."

அலுவலகத்தில் அவள் பதினான்கு மாதத்து நண்பகல் அளவுகளுக்கும் தவறு என்ற குறியைப் போட்டாள். மேலதிகாரியிடம் போய் என்ன நடந்தது என்று சொன்னாள், தான் அனுப்பிய செய்திகளையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. எண்களை வெளியே அனுப்பியதற்கு அவளிடம் விளக்கம் எழுதிக் கேட்டார். மேகக்காரர் தன் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ஆக, என் மேகம் மேகந்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் குளிர்ந்த தண்ணியாவே இருந்திருக்கலாம்மா" என்றார். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

படிவத்தில் இருபத்திரண்டு மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவன் அதை வாங்கி இருமுறை படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அனுப்பினானா என்று அவள் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் வண்டி வந்தது. மகள் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவன் பையைத் தூக்கினான். அவள் அதன் வாரை வாங்கி, நீளத்தைச் சரிசெய்து, இடது தோளில் மாட்டினாள்.

"எஞ்சினுக்குத் தண்ணி போற குழாய்ல ஒரு வெப்பமானி இருக்கு" என்றான். "அதப் பாத்து எழுதிட்டு, வாளி இல்லன்னு பக்கத்துல குறிச்சிடலாம். முடியுமில்ல?"

"முடியும். அதுகூட முடியாத அன்னிக்கு வெறுமையா விட்டுடுங்க. நாங்களும் விடறோமே."

அவன் தலையசைத்தான். மகளின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் கண்ணாடியை இறக்கினான். நாற்பது நாளில் முதல்முறையாக, கல்யாணமான புதிதில் கேட்பது போல, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்.

"நாளைக்குக் காலைல என் தண்ணி எவ்வளவுன்னு அனுப்புவியா?"

அவள் ஜன்னல் விளிம்பில் கையை வைத்தாள். வெயிலில் நின்ற தகடு சுட்டது.

"மாட்டேங்க" என்றாள். "சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேக்கறேன்."